வீடியோ காலில் டாக்டர்: பெரியவர் பக்கத்தில் உட்காருகிறவர் செய்ய வேண்டியது

வீடியோ காலில் வரும் டாக்டரால் பார்க்க முடியும், கேட்க முடியும், தொட முடியாது. வயிற்றை அமுக்கிப் பார்ப்பது, வீங்கிய காலில் விரலை அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்ப்பது, மூச்சை எண்ணுவது எல்லாம் அவர் சொல்லச் சொல்ல இங்கே இருக்கிற ஒருவர் செய்ய வேண்டியவை. அந்த ஒருவர் மகளாக இருக்கலாம், மருமகளாக இருக்கலாம், பேரனாக இருக்கலாம், மாதச் சம்பளத்துக்கு வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் அக்காவாகவும் இருக்கலாம். அவர் தயாராக இருந்தால் பத்து நிமிஷத்தில் உருப்படியாக வைத்தியம் நடந்துவிடும். இல்லாவிட்டால் "ஹலோ, கேக்குதா டாக்டர், இருங்க போனைத் திருப்புறேன்" என்றே பாதி நேரம் ஓடி, "எதுக்கும் நேர்ல ஒரு தடவை கூட்டிட்டு வந்துருங்க" என்று முடியும். மாடிப்படி இறக்கி, ஆட்டோ பிடித்து, ஓபியில் மணிக்கணக்கில் உட்கார வைக்க முடியாது என்பதால்தானே வீடியோவுக்கே வந்தோம். ஆகவே இது அந்தப் பக்கத்தில் உட்காருகிறவருக்காக.

முதலில், எப்போது வீடியோ கூடாது

வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது, ஒரு கையைத் தூக்கினால் நிற்காமல் கீழே இறங்குகிறது, பேச்சு குழறுகிறது என்றால் யாருக்கும் வீடியோ கால் போடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம். அந்தக் கணக்கு நீங்கள் கவனித்த நேரத்திலிருந்து தொடங்காது, அவர் கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து தொடங்கும். காலையில் எழும்போதே இப்படி இருந்தால் முந்தின இரவு எத்தனை மணிக்கு நல்லபடியாகப் படுத்தார் என்பதுதான் ஆஸ்பத்திரியில் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும், ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

நெஞ்சு வலியோடு வியர்த்துக் கொட்டினாலும், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலும், ரத்த வாந்தியோ கறுப்பாகப் பிசுபிசுவென்று மலமோ போனாலும் அதே 108தான். இன்னொன்று பலருக்கும் தெரிவதில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே சின்னக் காயம்கூட இல்லாவிட்டாலும், "நல்லாத்தான இருக்காரு" என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

வீடியோவுக்குப் பொருந்துவது எது என்றால், பிபி சுகர் மாத்திரைகளைச் சரிபார்ப்பது, ஏற்கனவே தெரிந்த நோய்க்குத் தொடர் சிகிச்சை, தோலில் வந்த தடிப்பு, படுக்கைப்புண் ஆறுகிறதா என்று பார்ப்பது, மலச்சிக்கல், தூக்கமின்மை, மறதி நோய்க்காரரின் நடத்தையில் மாற்றம், லேப் ரிப்போர்ட் காட்டுவது, இவையெல்லாம். எல்லாவற்றையும்விட, ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வந்த முதல் வாரம். பழைய மாத்திரையும் புது மாத்திரையும் குழம்பிப்போவது அப்போதுதான். அந்த வாரத்தில் ஒரு வீடியோ கால் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

எந்த டாக்டரிடம்

கூடியவரை அவரை ஏற்கனவே நேரில் பார்த்திருக்கிற டாக்டரிடமே கேளுங்கள், "வீடியோவில் பார்ப்பீர்களா" என்று கேட்டால் இப்போது பலரும் சரி என்பார்கள். இதில் பழக்கத்தைத் தாண்டி விதிமுறை சார்ந்த காரணமும் இருக்கிறது. இந்தியாவில் தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டி விதிகள் 2020 மார்ச் 25-ல் வந்தன, கொரோனா ஊரடங்கு தொடங்கிய அதே நாள். அதன்படி, அதே நோய்க்கு ஆறு மாதத்துக்குள் நேரில் பார்த்த டாக்டர் என்றால் அது தொடர் ஆலோசனை, மாத்திரையைத் தொடரவோ கூட ஒன்றைச் சேர்க்கவோ அவருக்கு இடம் அதிகம். முதன்முறையாகத் திரையில் பார்க்கும் டாக்டர் எழுதக்கூடிய மருந்துகள் குறைவு. அல்பிரசோலம் மாதிரித் தூக்க மாத்திரையை, மார்பின் மாதிரி வலி மருந்தை வீடியோ மூலம் எழுதித் தர விதியில் இடமில்லை, அதற்காக டாக்டரிடம் கெஞ்சிப் பிரயோஜனமில்லை. சீட்டில் டாக்டரின் பதிவு எண்ணும் கையெழுத்தும் இருக்க வேண்டும், அதைப் பார்த்து வாங்குங்கள். "நேரில்தான் பார்க்கணும்" என்று முடிவெடுக்கும் உரிமை எந்த நிமிஷத்திலும் டாக்டருக்கு உண்டு, அப்படிச் சொல்கிறவரிடம் கோபப்பட வேண்டாம், அவர் நல்ல டாக்டர்.

தெரிந்த டாக்டர் யாரும் இல்லையென்றால் மத்திய அரசின் இ-சஞ்சீவனி இருக்கிறது. வீட்டிலிருந்தே யாரும் பார்த்துக்கொள்ளும்படி 2020 ஏப்ரலில் திறந்தார்கள், காசு கிடையாது. மொபைல் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி வரும், பெரியவரின் பெயர், வயதைப் பதிந்தால் டோக்கன் கிடைக்கும், முறை வந்ததும் டாக்டர் வருவார், முடிந்ததும் மருந்துச் சீட்டை இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவையும் ஒரே டாக்டர் வருவார் என்று எதிர்பார்க்கக் கூடாது, அதனால் பழைய சீட்டுகளைக் கையில் வைத்திருப்பது இங்கே இன்னும் முக்கியம்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி, 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். பிபி, சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிப்புப் பராமரிப்பும் பிசியோதெரபியும் அந்தத் திட்டத்திலேயே உண்டு. யோசித்துப் பாருங்கள், பயிற்சி பெற்ற ஒரு சிஸ்டர் வீட்டுக்கு வந்து பெரியவர் பக்கத்தில் இருக்கிற அதே அரை மணி நேரத்தில் டாக்டரின் வீடியோ காலும் அமைந்தால், நீங்கள் தடுமாறிக்கொண்டு அளப்பதை அவர் ஒரு நொடியில் அளந்துவிடுவார். தனியார் ஹோம் நர்ஸ் வைத்திருப்பவர்களும் இப்படியே நேரத்தைப் பொருத்திக்கொள்ளலாம்.

அறையைத் தயார்ப்படுத்துவது

ஜன்னல் பெரியவருக்கு எதிரே இருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் டாக்டருக்கு ஒரு கறுப்பு உருவம்தான் தெரியும். டிவியை நிறுத்துங்கள், குக்கரை அப்புறம் வையுங்கள், மேலே சத்தம் போடும் ஃபேனைக் கொஞ்ச நேரம் குறையுங்கள். காது மெஷின் உள்ளவர் அதை மாட்டிக்கொள்ளட்டும், பேட்டரி இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். கண்ணாடியும் பல்செட்டும்கூட. பல்செட் இல்லாமல் பேசினால் பேச்சு குழறுகிறது என்று டாக்டருக்குத் தேவையில்லாத சந்தேகம் வரும். போனைக் கையில் பிடிக்காமல் எதன் மீதாவது சாய்த்து அவர் முகத்துக்கு நேராக நிறுத்துங்கள், உங்கள் இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். இதற்கு ஸ்டாண்ட் ஒன்றும் வாங்க வேண்டியதில்லை, தண்ணீர் நிரப்பிய சொம்பு போதும். சார்ஜ் இருக்கட்டும், வைஃபை நம்ப முடியாததென்றால் மொபைல் டேட்டாவைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், லைன் அறுந்தால் டாக்டர் எந்த நம்பருக்குத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அளவுகள்

பிபி மெஷின் எல்லா வீட்டிலும் இருக்கிறது, சரியாக எடுப்பவர்கள் குறைவு. காபி குடித்து, புகையிலை போட்டு அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், சிறுநீர் கழித்துவிட்டு வந்திருக்க வேண்டும், நாற்காலியில் முதுகைச் சாய்த்து, கால் இரண்டும் தரையில் பட, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும். பட்டையைச் சட்டைக் கைக்கு மேலே சுற்றக் கூடாது, வெறும் புஜத்தில் இதயத்தின் உயரத்துக்கு, கையை மேசை மேலோ தலையணை மேலோ வைத்துக்கொண்டு எடுக்க வேண்டும். ஒரு நிமிஷம் விட்டு இரண்டாவது தடவை எடுங்கள், இரண்டையும் நேரத்தோடு எழுதுங்கள். வந்த எண் பிடிக்கவில்லை என்று நல்ல எண் வரும்வரை எடுத்துக்கொண்டே இருந்து கடைசியாக வந்ததை மட்டும் சொல்கிற வீடுகள் இருக்கின்றன, டாக்டருக்கு அதனால் ஒரு உபயோகமும் இல்லை. வீட்டில் எடுக்கும்போது 135/85 தாண்டுவது அடிக்கடி நடந்தால் அது உயர் ரத்த அழுத்தக் கணக்கில் வரும்.

தலைசுற்றுகிறது, எழுந்தால் தள்ளாடுகிறது என்று சொல்கிறவருக்கு இன்னொரு அளவும் வேண்டும், இதைத்தான் பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை. ஐந்து நிமிஷம் படுக்க வைத்து எடுங்கள், எழுந்து நிற்க வைத்து ஒரு நிமிஷத்திலும் மூன்று நிமிஷத்திலும் எடுங்கள். மேல் எண் 20-ஓ அதற்கு மேலோ, அல்லது கீழ் எண் 10-ஓ அதற்கு மேலோ குறைந்தால் விழுவதற்குக் காரணம் அங்கேயே இருக்கலாம், டாக்டர் மாத்திரையைக் குறைப்பார். நிற்க வைக்கும்போது ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், மயக்கம் வருகிறதென்றால் அளவை விட்டுவிட்டு உட்கார வையுங்கள்.

சுகர் குத்திப் பார்ப்பதற்கு முன் கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள், மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் இல்லாத சர்க்கரையையும் மெஷின் காட்டும். 70-க்குக் கீழே என்றால் டாக்டருக்காகக் காத்திருக்காமல், நினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. வயதாக ஆகச் சாப்பாடு குறையும், மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே இருக்கும், கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரை எடுக்கிறவர்களுக்கு இதனால்தான் சர்க்கரை தாழ்ந்துபோகிறது. ஆகவே எவ்வளவு சாப்பிடுகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "நல்லா சாப்பிடுறாங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், காலையில் ஒரு இட்லி, மதியம் ரசம் சாதம் நாலு வாய், ராத்திரி பால் என்று சொல்லுங்கள்.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை மருதாணி இல்லாத, நகப்பூச்சு இல்லாத, சூடாக இருக்கும் விரலில் மாட்டி, எண் ஆடாமல் நிற்கும்வரை பொறுங்கள். தோல் நிறம் அடர்த்தியானவர்களுக்கு அது உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம், அதனால் எண் நன்றாக இருக்கிறதே என்று மூச்சிரைப்பை அலட்சியம் செய்ய வேண்டாம். மூச்சை எண்ணுவதென்றால் ஒரு முழு நிமிஷம், அவரிடம் சொல்லாமல் எண்ணுங்கள், சொன்னால் மாற்றி மூச்சு விடுவார். இதயம் பலவீனமானவர்களுக்குத் தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே மெஷினில் எடை. மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் உடம்பில் நீர் கோக்கிறது, அடுத்த வீடியோ காலுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

காய்ச்சல் இல்லை என்பதால் கிருமித்தொற்று இல்லை என்று நினைக்காதீர்கள். எண்பது வயதுக்காரருக்கு நுரையீரலிலோ சிறுநீரிலோ தொற்று வந்தால் உடம்பு சுடாமலே இருக்கலாம், நேற்று வரை தெளிவாகப் பேசியவர் திடீரென்று ஆள் தெரியாமல் உளறுவது, பகலெல்லாம் தூங்கி வழிவது, இதுவே முதல் அடையாளமாக வரும். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று சொல்லாமல், எந்த நாளிலிருந்து என்று தேதியோடு சொல்லுங்கள். நாள்பட வளரும் மறதி வேறு, இரண்டு நாளில் வந்த குழப்பம் வேறு. இரண்டாவது அவசரம்.

மாத்திரைப் பை

எல்லா வீட்டிலும் ஒரு மஞ்சள் பையோ பிஸ்கட் டப்பாவோ இருக்கும். அதைக் கட்டில் மேல் அப்படியே கொட்டுங்கள், நீங்கள் தேர்ந்தெடுத்துக் காட்ட வேண்டாம். ஒவ்வொரு அட்டையையும் பின்பக்கம் திருப்பி, பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரோடு கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் தெரிகிற மாதிரிக் கேமரா முன் நிறுத்துங்கள். எங்கள் தெருவில் ஒரு தாத்தாவுக்குக் கால் வீக்கம் என்று வீடியோ கால் போட்டார்கள். கட்டில் மேல் கொட்டியபோது அம்லோடிபின் என்ற பிபி மாத்திரை இரண்டு அட்டை, ஒன்று மாத்திரை வீட்டுக்கு வருகிற வகையில் கிடைத்தது, இன்னொன்று தனியாரிடம் பார்த்தபோது வேறு பெயரில் எழுதியது. இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தார். அந்த மருந்துக்கே கணுக்கால் வீங்கும், அளவு கூடினால் இன்னும் வீங்கும். மூன்றாவதாக நீர் பிரிய ஒரு மாத்திரை, அந்த வீக்கத்துக்காக யாரோ எழுதியது. டாக்டர் ஒரு அட்டையை ஓரமாக எடுத்து வைக்கச் சொன்னார். நீர் மாத்திரையையும் ஒரு வாரம் பார்த்து நிறுத்திவிட்டார். ஓபியில் சீட்டை மட்டும் நீட்டியிருந்தால் இது வெளியே வந்திருக்காது, கட்டில் வரை டாக்டரைக் கொண்டுபோக முடிகிறது பாருங்கள், வீடியோவின் லாபமே அதுதான்.

கொட்டும்போது சித்த மருந்துச் சூரணம், லேகியம், முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரை, கண் சொட்டு மருந்து, தைலம் எதையும் ஒளிக்காதீர்கள். குறிப்பாக அந்த முட்டிவலி மாத்திரை, டைக்ளோபினாக் வகையறா, சிறுநீரகத்தைக் கெடுக்கும், பிபியை ஏற்றும், வயிற்றில் ரத்தம் கசிய வைக்கும். அட்டையில் எத்தனை மிச்சம் இருக்கிறது என்பதையும் டாக்டர் பார்க்கட்டும், மாதக் கடைசியில் முக்கால்வாசி மிச்சமிருந்தால் அவர் சாப்பிடுவதில்லை என்று அர்த்தம், அளவைக் கூட்டும் முன் டாக்டருக்கு இது தெரிந்தாக வேண்டும்.

யார் பேசுவது

டல்லாஸிலிருந்து மகன், துபாயிலிருந்து மகள், பக்கத்தில் மருமகள் என்று மூன்று பேர் ஒரே காலில் சேர்ந்தால் நோயாளி வாயைத் திறக்க இடமில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் சேரக் கூடாது என்று சொல்லவில்லை, அவர்களுக்கும் கவலை இருக்கும், செலவும் பலபேர் வீட்டில் அவர்களுடையதுதான். ஆனால் முதல் ஐந்து நிமிஷம் மைக்கை அணைத்து வையுங்கள். "என்ன செய்யுது" என்று டாக்டர் கேட்கும் கேள்விக்குப் பெரியவரே, எவ்வளவு மெதுவாக ஆனாலும், அவர் வார்த்தையில் சொல்லட்டும். அப்புறம் நீங்கள் எழுதி வைத்திருக்கும் மூன்று கேள்விகள், அதன் பிறகு டல்லாஸ்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு சில நிமிஷம் பெரியவரை டாக்டரோடு தனியாகப் பேச விட்டு வெளியே போங்கள். சிறுநீர் அடக்க முடியாமல் போவது, வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றுவது, வீட்டில் யாராவது அதட்டுவது, இதெல்லாம் பிள்ளைகள் முன்னால் வெளியே வராது. கொடுமை, புறக்கணிப்பு என்று ஏதாவது இருந்தால் முதியோர்களுக்கென்றே 14567 என்ற இலவச உதவி எண் இருக்கிறது, அதை அவர் போனில் சேமித்துக் கொடுப்பதில் தப்பில்லை.

மறதி நோய் உள்ளவர் என்றால் திரையில் தெரியும் முகம் யார் என்று புரியாமல் பயப்படலாம். அவரை நேராக உட்கார வைத்து வினாடி வினா நடத்த வேண்டாம், அவர் வழக்கமாகத் தெளிவாக இருக்கும் நேரத்தில், பெரும்பாலும் காலையில், வீடியோ கால் கேட்டு வாங்குங்கள். வலி இருக்கிறதா என்பதை அவர் சொல்ல மாட்டார், புரட்டும்போது முகம் சுளிக்கிறாரா, கையைத் தட்டிவிடுகிறாரா என்று டாக்டர் பார்க்கட்டும்.

காட்ட வேண்டியதைக் காட்டுவது

கால் வீக்கம் என்றால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் ஐந்து நொடி அழுத்தி எடுங்கள், குழி எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரத்தில் மேலே வருகிறது என்று கேமராவில் தெரியட்டும். படுக்கைப்புண்ணுக்கு வீடியோ காலுக்கு முன்பே பகல் வெளிச்சத்தில், பின்பக்கக் கேமராவில், பக்கத்தில் ஒரு ஸ்கேலோ ரூபாய் நாணயமோ படாமல் வைத்துப் படம் எடுங்கள், வாராவாரம் அதே மாதிரி எடுத்தால்தான் ஆறுகிறதா என்று தெரியும். புண் வரும் முன்பே பார்க்க வேண்டிய இடங்கள் இடுப்புக்குக் கீழே நடு எலும்பும் குதிகால்களும். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, தொட்டுப் பார்த்து அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் சொல்லுங்கள். உடை விலக்கிக் காட்ட வேண்டியிருந்தால் அவரைக் கேட்டுவிட்டு, தேவையான இடத்தை மட்டும். அந்தப் படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள், தயவுசெய்து.

நடையைக் காட்ட மூன்று மீட்டர் அளந்து கோடு போடுங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, கோடு வரை வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து உண்டு என்று கணக்கு. படம் பிடிப்பவர் ஒருவர், கூடவே நடப்பவர் இன்னொருவர், ஒருவரே இரண்டையும் செய்யக் கூடாது. இரண்டாவது ஆள் இல்லையா, நடக்க வைக்காதீர்கள். அதற்குப் பதில் போனை எடுத்துக்கொண்டு கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை போய்க் காட்டுங்கள், வழியில் இருக்கும் மிதியடி, நிலைப்படி, வழுக்கும் டைல்ஸ், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லாத சுவர், ராத்திரியில் எரியாத பல்பு. மாத்திரையைவிடச் சில சமயம் இருநூறு ரூபாய் பல்பு அதிகம் காப்பாற்றும்.

போனை வைக்கும் முன்

டாக்டர் சொன்னதை நீங்கள் திரும்பச் சொல்லிக் காட்டுங்கள், "காலையில் இதை நிறுத்துறோம், ராத்திரி இதைப் பாதியாக்குறோம், வியாழக்கிழமை ரத்தம் எடுக்குறோம், சரியா டாக்டர்" என்று. எந்த அறிகுறி வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று கேளுங்கள். பேச்சைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நிறுத்தச் சொன்ன மாத்திரைகளை அன்றைக்கே பையிலிருந்து எடுத்துத் தனியாகக் கட்டி வையுங்கள், பார்த்துக்கொள்ளும் அக்கா சாயங்காலம் வேறொருவர் கையில் பொறுப்பை விட்டுப் போகிறார் என்றால் புதுப் பட்டியலைக் கட்டில் தலைமாட்டில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள், பழைய பட்டியலைக் கிழித்துவிட்டு.